தொட்டுப் பார்த்தவர்

இதைக் கேட்ட இரண்டு பேர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். கொஞ்சம் கூட்டிச் சொல்லிப் பயமுறுத்த எனக்கும் தெரியும். ஆனால் இதில் பாதித் தப்பு என்னுடையது. தன் தப்பை யாராவது கற்பனை செய்து சொல்வார்களா? நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

நான் மின்சார சைக்கிள் ரிப்பேர் செய்பவன். ஒரே பட்டறையை மூன்று பேர் பங்கு போட்டு வாடகைக்கு எடுத்திருந்தோம். முன்பக்கக் கூடத்தில் நானும் ஒரு தச்சரும். கூடத்துக்குப் பின்னால் ஒரு குறுகிய நடை. நடையின் பாதியில் சார்ஜ் போடும் அறை. நடை முடிகிற இடத்தில் என் அக்காவின் தையல் அறை. அக்கா வெளியே வர வேண்டுமென்றால் சார்ஜ் அறையைத் தாண்டித்தான் வர வேண்டும். வேறு வழி கிடையாது.

சாவியைக் கொடுக்கும்போதே ஓனர் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருந்தார். லித்தியம் பேட்டரிக்கு சார்ஜ் போட்டவன் அதன் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும். கால் மணிக்கு ஒரு தரம் புறங்கையால் தொட்டுப் பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நேரம், தொட்டது எது, சூடு எப்படி, தொட்டவர் கையெழுத்து. நாலு கட்டம். பேனாவைக்கூட அவரே வாங்கி, நூல் கட்டி, மேசையில் தொங்கவிட்டிருந்தார்.

இரண்டு மணி நேரம் ஒரு டப்பாவை முறைத்துக்கொண்டு உட்கார யாரால் முடியும்? நான் ஒரு குறுக்கு வழி வைத்திருந்தேன். ஆறு மணிக்கே எட்டு மணி வரைக்கும் எழுதிவிடுவேன். 6.15, சூடு இல்லை. 6.30, சூடு இல்லை. மடமடவென்று கையெழுத்தையும் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

திங்கட்கிழமை டீ குடித்துவிட்டு 6.55க்குத் திரும்பி வந்தேன். நோட்டில் 6.45 வரியில் என் 'சூடு இல்லை' அடிபட்டிருந்தது. ஒரே நேர்க்கோடு. அதற்கு மேலே 'இளஞ்சூடு' என்று எழுதியிருந்தது. பொடிப்பொடியான, ஒழுங்கான எழுத்து. பேட்டரியைத் தொட்டுப் பார்த்தேன். இளஞ்சூடுதான்.

எனக்கு உடனே தச்சர் மேல்தான் சந்தேகம் போனது. பேட்டரி வேலை என்றாலே அவருக்கு ஆகாது. மரத்தூளுக்குப் பக்கத்தில் நெருப்பை வைத்து விளையாடுகிறேன் என்று ஏற்கெனவே ஒருமுறை சண்டை போட்டிருந்தார்.

"அண்ணே, நோட்டுல ஏதாவது எழுதினீங்களா?"

"என் அளவ எழுதவே எனக்கு நேரமில்ல. உன் நோட்ட வேற நான் எழுதணுமா?"

சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையில் கோடு போட்டுக்கொண்டே பேசினார். மடியில் கனம் இருக்கிறவன்தான் இப்படிக் குனிந்துகொண்டு பேசுவான் என்று முடிவு கட்டினேன்.

புதன்கிழமை இன்னும் மோசம். எட்டு வரியிலும் என் கையெழுத்து அடிபட்டிருந்தது. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரே சொல். 'தொடவில்லை.'

எனக்கு ரத்தம் கொதித்தது. ஓனரிடம் போட்டுக்கொடுக்க ஆதாரம் சேர்க்கிறார் மனுஷன்! அக்காவிடம் போய்ப் பொருமினேன்.

"நீ ஒழுங்கா உக்காந்து பாத்தா அவரு ஏன்டா எழுதப் போறாரு?" என்றாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"நீ எனக்கு அக்காவா, அவருக்கு அக்காவா?"

"ரெண்டு பேரோடயும் சேந்துதான் வாடகை குடுக்கிறேன். போடா."

வியாழக்கிழமை அவரைக் கையும் களவுமாகப் பிடிப்பது என்று தீர்மானித்தேன். பிடிக்க வேண்டுமென்றால் சார்ஜில் ஒரு பேட்டரி இருக்க வேண்டும். அன்றைக்கு என்னிடம் இருந்தது ஒன்றுதான். கீழே விழுந்த சைக்கிளின் பேட்டரி. ஒரு மூலை நசுங்கியிருந்தது. அப்படிப்பட்டதைச் சார்ஜில் போடவே கூடாது. இந்தத் தொழிலில் முதல் பாடமே அதுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் போட்டேன். என் கண்ணில் தச்சர் மட்டும்தான் இருந்தார்.

5.50க்கு அக்காவின் மிஷின் சத்தம் நின்றது. அவள் அறை விளக்கு அணைந்திருந்தது. வீட்டுக்குப் போய்விட்டாள் என்று நினைத்தேன். 6.05க்குத் தச்சர் "வரேன்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். 6.10க்கு எட்டு மணி வரைக்கும் நோட்டை எழுதி முடித்து, சுவிட்சைப் போட்டு, சார்ஜ் அறைக் கதவைச் சாத்தினேன். கூடத்து விளக்கை அணைத்தேன். பலகை அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்தேன். என்னைத் தாண்டாமல் ஈ எறும்புகூட உள்ளே போக முடியாது.

6.30. யாரும் வரவில்லை.

6.44க்கு அறைக்குள் நாற்காலி இழுபடும் சத்தம். க்ர்ர்ர்...

அப்புறம், 'டக்'. பேனாவின் தலையை அமுக்குகிற சத்தம்.

மணி பார்த்தேன். சரியாக 6.45.

எனக்குத் தெரியாமல் திரும்பி வந்து உள்ளே போய் ஒளிந்துகொண்டாரா? அவர் கிளம்பியதை நான்தானே பார்த்தேன்? எழுந்து நடைக்குள் போனேன். கதவுக்குக் கீழே விரல் நுழைகிற அளவு இடைவெளி. அதில் வெளிச்சம். வெளிச்சத்தில் கால்களின் நிழல்.

நாற்காலிக்கு நாலு கால். நான் ஆறு எண்ணினேன்.

7.00. 'டக்.'

கூடத்துக்கு ஓடி வந்து தச்சருக்குப் போன் செய்தேன். உள்ளே ஒளிந்திருந்தால் அவர் போன் மணி அறைக்குள் கேட்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அறைக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

"என்னப்பா?"

"எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். ஏன்?" பின்னால் அவர் பேத்தி அழுகிற சத்தம் கேட்டது.

போனை வைத்தேன். எவ்வளவு நேரம் அப்படியே நின்றேனோ தெரியாது...

'டக்.'

7.15.

ஓடிப் போய்க் கதவைத் தள்ளினேன்.

உள்ளே யாரும் இல்லை.

நாற்காலி பேட்டரிக்கு நேராகப் போடப்பட்டிருந்தது. மேசை ஓரத்தில் பேனா நூலில் ஆடிக்கொண்டிருந்தது.

அறை முழுக்க ஒரு இனிப்பு வாடை. நகப்பாலிஷ் வாடை மாதிரி.

நோட்டைப் பார்த்தேன். என் வரிகள் அடிபட்டிருந்தன.

6.45 - சூடு.

7.00 - அதிகச் சூடு.

7.15 - உன் அக்கா உள்ளே. எழுப்பு.

ஸ்ஸ்ஸ்ஸ்...

பேட்டரி உப்பிக்கொண்டிருந்தது.

ஓடினேன். தையல் அறை ஒரே இருட்டு. "அக்கா!" துணி மூட்டை மேல் ஏதோ அசைந்தது. தலைவலி என்று விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவள் அப்படியே தூங்கிப்போயிருக்கிறாள். கையைப் பிடித்து இழுத்தேன். "என்னடா..." என்றாள். பேசவிடவில்லை.

நடைக்கு வந்தோம்.

நான் திறந்து போட்டுவிட்டு ஓடிய கதவு... சாத்தியிருந்தது.

அதைத் தாண்டினோம். கூடத்தைத் தாண்டினோம். தெருவில் கால் வைத்தபோது உள்ளே வெடித்தது. டம். டம். டம்.

மணி 7.18.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. சார்ஜ் அறை மட்டும் கரியாகிப் போனது. தச்சரின் மரத்தில் ஒரு சிராய்கூடக் கருகவில்லை. "கதவச் சாத்தினீங்களே, நல்ல காரியம்" என்றார் தீயணைப்புக்காரர். "தெறந்து கெடந்திருந்தா ரெண்டு பேரும் அந்த நடையத் தாண்டியிருக்க மாட்டீங்க." சாத்தியது நான் இல்லை.

தச்சர் செய்தி கேட்டு மூச்சிரைக்க ஓடி வந்தார். முதலில் கேட்டது, "உங்க அக்கா எங்க?" என்றுதான். எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டேன்.

மறுநாள் காலை ஓனரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. எழுத்து எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டார். சொன்னேன். எழுந்து போய் பீரோவிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். அட்டையில் புகைக் கறை.

"எட்டு வருஷத்துக்கு முன்னாடி பேட்டரிய வாடகைக்கு விடுற கம்பெனி ஒண்ணு இதே பட்டறையில இருந்துச்சு. அதே ரூம்ல பேட்டரி பக்கத்துல உக்காந்து பாத்துக்க ஒரு பொண்ண வச்சிருந்தாங்க. ஒருநாள் தீப்பிடிச்சுது. நெருப்பு அவ மேல படவே இல்ல. புகைதான். 7.20க்கு நான்தான் தூக்கிட்டு வந்தேன். உயிர் இல்ல."

கடைசிப் பக்கத்தைத் திறந்தார். பொடிப்பொடியான, ஒழுங்கான எழுத்து. எட்டு மணி வரைக்கும் எழுதியிருந்தது.

எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. "முன்கூட்டியே எழுதி வச்சிருக்கா. என்னய மாதிரிதான்."

ஓனர் தலையாட்டவில்லை. இரண்டாவது கட்டத்தில் விரலை வைத்து, படி என்று சைகை காட்டினார்.

7.15 - பேட்டரி - கை வைக்க முடியவில்லை.

7.30 - என் கை - சூடு இருக்கிறது.

7.45 - என் கை - இளஞ்சூடு.

8.00 - என் கை - சூடு இல்லை.