கட்டிலிலிருந்து விழாத அம்மாள்

போன மாதம் என் மாமனார் கிணத்துக்கடவில் தேங்காய் லோடு ஏற்றிக்கொண்டிருந்த லாரியிலிருந்து விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாளில் ‘பாத்ரூமில் வழுக்கி விழுந்தார்’ என்று அச்சாகியிருந்தது. வாசித்துக் காட்டியதும் மனிதர் படுத்த வாக்கிலேயே கொதித்தார்.

“ஏனுங்க மாப்ள, நா எப்பங்க பாத்ரூம்ல உழுந்தேன்?”

கவுண்டரில் கேட்டால் அங்கிருந்த பெண், “வயசானவங்கன்னா கம்ப்யூட்டர்ல அப்படித்தாங்க சார் வருது” என்றார். அரை நாள் சண்டை போட்டுத் திருத்தி வாங்கினேன். ஒரு வரிக்கா இத்தனை கூத்து என்று என் மனைவிக்குச் சங்கடம். அந்த மாதிரி வரியின் மேல் எனக்கு இருப்பது பழைய கோபம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

சரவணம்பட்டியில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் நாலாவது மாடியில் நான் மெடிக்கல் கோடராக இருந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் கேஸ் ஷீட்டைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் காயத்துக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. அந்த மாடிக்கென்று ஒரு வாசனை இருந்தது. ஏ.சி.யில் ஊறிய கார்ப்பெட், அதோடு யாரோ மைக்ரோவேவில் சூடாக்கிய தக்காளி சாதம். இன்றைக்கும் எங்காவது தக்காளி சாதம் மணத்தால் எனக்குத் தொடை எலும்பு ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள்.

எங்கள் டீமுக்கு வந்ததெல்லாம் இடுப்பு முறிவு. இடதா வலதா, எலும்பு விலகியதா விலகாததா, எப்படி விழுந்தார், எங்கே விழுந்தார் என்று எல்லாவற்றுக்கும் எண் உண்டு. நான் தாவரவியல் படித்தவன். முதல் சில வாரங்கள் இடுப்பு என்றால் பெல்ட் கட்டும் இடம் என்று நினைத்துக்கொண்டே எண் போட்டேன். பக்கத்து சீட் ஸ்டெல்லாதான் கண்டுபிடித்தார். “அய்யோ, அதில்லீங்க. தொடை எலும்பு மேல போயி கிண்ணத்துல உக்காருமில்லீங்க, அந்த எடம்” என்று படம் போட்டுக் காட்டினார்.

ஸ்டெல்லாவுக்குத் தொண்டாமுத்தூர் பக்கம். அப்பாவும் அம்மாவும் தோட்டக் கூலிக்குப் போய்ப் படிக்கவைத்த நர்ஸ். பொள்ளாச்சியில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் இரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்தவர். எனக்கு அந்தத் தாள்கள் எழுத்து. அவருக்கு அதில் ஆள் தெரியும்.

அப்படித்தான் ஒருநாள் ஸ்டெல்லாவுக்கு அந்தத் தாள் வந்தது. முதியோர் இல்லத்தில் இருக்கும் எண்பத்தாறு வயது அம்மாள். ‘கட்டிலிலிருந்து விழுந்தார், இடது இடுப்பு முறிவு’ என்று டாக்டர் எழுதியிருந்தார். கட்டிலிலிருந்து விழுந்தால் அதற்கொரு எண். போட்டுவிட்டு அடுத்ததற்குப் போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். ஸ்டெல்லா பின்னாலிருந்த நர்ஸ் பக்கத்தையும் படித்துவிட்டார். பல வருஷமாக இரண்டு காலும் வராது, புரட்டிப் படுக்கவைக்கவே இரண்டு பேர் வேண்டும், கட்டிலின் இருபுறமும் தடுப்புக் கம்பி ஏற்றியிருந்தது.

“ஒருக்களிச்சுப் படுக்கவே முடியாதவங்க கம்பியத் தாண்டி எப்படிங்க உழுவாங்க?”

எங்கள் டீம் லீடர் பிரபுவுக்கு அன்றைய தாள் எண்ணிக்கை முடிய வேண்டும். “டாக்டர் எழுதுனதப் போடுங்க அம்மணி. நீங்க என்ன போலீஸா?” என்றார். ஒரு வகையில் அவர் சொன்னதுதான் விதி. கோடர் தானாக எதையும் ஊகிக்கக் கூடாது. ஆனால் குறிப்புகள் முரண்பட்டால் டாக்டரிடமே கேட்கலாம். திரையில் அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. அதிலும் பதிலை நாம் எடுத்துக்கொடுக்கிற மாதிரி கேட்கக் கூடாது. “யாராவது கீழே போட்டார்களா?” என்று எழுதினால் தப்பு. ஸ்டெல்லா நாலு தடவை அடித்துத் திருத்தினார். என் பங்குக்கு இரண்டு இடத்தில் ‘கைண்ட்லி’ சேர்த்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

பதில் வரும்வரை தாள் முடங்கிக் கிடந்தது. எங்கள் டீம் எண்ணிக்கை சரிந்தது. மூன்றாம் நாள் பிரபு ஸ்டெல்லாவை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துக் கேட்டார்: “உங்களாலதான மத்தவங்களுக்கும் கெட்ட பேரு?” ஸ்டெல்லா, “பதில் வரட்டுங்க” என்றார். நாங்கள் இருபது பேரும் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். பிரபுவின் மேல் வரும் கோபத்தில் ஒரு பங்கு என் மேலும் வருவது அதனால்தான்.

பதில் வந்தது. டாக்டர் அந்த அம்மாளிடமே போய்க் கேட்டிருக்கிறார். காலுக்குத்தான் உயிரில்லை, அறிவு தெளிவாக இருக்கிறது. அதுவரை ஒருவரும் அவரிடம் கேட்கவில்லை! இரண்டு பேர் தூக்க வேண்டியவரை இல்லத்தில் ஒரே ஒரு பணியாளர் தூக்கி நழுவவிட்டுவிட்டு, கட்டிலிலிருந்து விழுந்ததாக எழுதிவைத்திருக்கிறார். டாக்டர் குறிப்பைத் திருத்தினார். ‘பிறர் தூக்கும்போது விழுதல்’ என்றும் ஓர் எண் இருக்கிறது, தெரியுமா? ஸ்டெல்லா அதைப் போட்டார். அந்த இல்லத்தை யாராவது தட்டிக்கேட்டார்களா என்று தெரியாது. தாள் மூடியதும் அந்த அம்மாளும் எங்கள் திரையிலிருந்து போய்விட்டார்.

அந்த ஆஸ்பத்திரியிலிருந்து பாராட்டு மெயில் வந்தது. பிரபு அதை மீட்டிங்கில் ‘நம்ம டீம்’ என்று வாசித்தார். எல்லாரும் கைதட்டினோம். அந்த வருஷ மதிப்பீட்டில் ஸ்டெல்லாவுக்கு எழுதியது: ‘மேலாளர் சொல்லைக் கேட்பதில்லை.’

அவர் அந்த மதிப்பீட்டுத் தாளோடும் பாராட்டு மெயிலோடும் மேலதிகாரி அறைக்குப் போனார். கதவு திறந்தே இருந்தது, எங்களுக்குக் கேட்டது.

“நா செஞ்சது தப்புன்னா, இந்த மெயிலும் தப்புன்னு எழுதிக் குடுங்க. சரின்னா, இந்த வரிய அடிச்சுப்போடுங்க.”

மேலதிகாரி இரண்டையும் செய்யவில்லை. அடுத்த மாதம் ஸ்டெல்லா மறுபடி வார்டு வேலைக்கே போய்விட்டார். “வார்டுல கேட்டா ஆளே பதில் சொல்லுமுங்க” என்றார். வேறு எதுவும் குறை சொல்லவில்லை. எனக்குத்தான் இன்னும் ஆறவில்லை.

பிறகு சாஃப்ட்வேர் வந்தது. டாக்டரின் வரியைப் படித்து அதுவே எண் போட்டுவிடும். நாங்கள் ‘சரி’ என்று ஒரு தட்டு தட்ட வேண்டும். நர்ஸ் பக்கத்தைத் திறக்க நேரமில்லை. வேகம் குறைகிறது என்று கேள்விப் பெட்டியையும் ஒரு திங்கட்கிழமை எடுத்துவிட்டார்கள். அது இருந்த இடம் திரையில் வெறும் வெள்ளையாகக் கிடந்தது. முதல் வாரம் பழக்க தோஷத்தில் என் மவுஸ் அங்கே போய்ப் போய்த் திரும்பியது. அடுத்த வாரம் போகவில்லை.