தேக்கிலையில் வந்த வெண்ணெய்

தேக்கிலையில் ஒட்டியிருந்த வெண்ணெயை நாக்கால் வழித்தபோது முதலில் இலையின் துவர்ப்பு தெரிந்தது, அதன் பின்னாலேயே சுரீரென்று உப்பு. எனக்கு அப்போது எட்டு வயது, கிறிஸ்துமஸ் காலை. வெண்ணெயில் உப்பு இருக்கும் என்பதே எங்கள் ஏரியூர்ப் பக்கத்தில் அன்று பலருக்கும் தெரியாது. மாடு வைத்திருப்பவர்கள் உருட்டி, இலையில் கட்டி, பென்னாகரம் சந்தைக்குக் கொண்டுவருவதுதான் எங்களுக்கு வெண்ணெய். உப்புப் போட்ட "பாக்கெட்டு வெண்ண" ஊரிலேயே ஒரு வீட்டில்தான் உண்டு, பெங்களூரில் வேலை பார்த்த மாமா வாங்கிவருவார். அது என் அத்தை வீடு.

அத்தை என்றால் அப்பாவின் அக்கா. கிறிஸ்துமஸுக்குக் கோயிலில் போடும் குழந்தை இயேசு குடிலுக்கு முன்னால் வைத்துச் சாமியார் மந்திரிக்கும் கேக்கைச் சுடும் உரிமை, அம்மா மருமகளாக வரும்வரை அவளிடம்தான் இருந்தது. அம்மா கன்னியர் மடத்துச் சமையல்கட்டில் கேக் பழகியவள். மணல் பரப்பிய குண்டாவுக்குள் தட்டை இறக்கி, மூடியின் மேல் கங்கு போட்டு அவள் சுட்டது "பஞ்சாட்டம் இருக்குது" என்று ஊரே சொன்னதில் அந்த உரிமை கைமாறியது. அத்தை சிரித்துக்கொண்டேதான் விட்டுக்கொடுத்தாள். எனக்கு எட்டு வயதான அந்த வருடம், "சந்தையில வாங்கியாந்தேன்" என்று தேக்கிலைப் பொட்டலத்தையும் அவளே கொடுத்தாள். குடிலுக்கு வைக்கும் முன் எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பது எங்கள் வழக்கம், அம்மா மாவைக்கூட விரலால் தொட்டுப் பார்க்கமாட்டாள். இது அத்தைக்குத் தெரியாதா என்ன?

பூசை முடிந்து முதல் துண்டை வாயில் போட்டவர் சாமியார். மென்றார், நிறுத்தினார், கைக்குட்டையைத் தேடினார். அத்தை ஒரு துணுக்கைக் கிள்ளி ருசி பார்த்துவிட்டு, ஊருக்கே கேட்கும்படி, "ஏம்மா செசிலி, மாட்டுத் தண்ணியில போடற உப்பயெல்லாம் கேக்குல கொட்டிட்டியா?" என்றாள். ஒரே சிரிப்பு. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். அன்றோடு அம்மாவுக்கு "உப்புக் கேக்குக்காரி" என்று பேராகிவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து அடுப்படியில் கிடந்த இலையை நான் நக்கிப் பார்த்தது அதற்குப் பிறகுதான். பாக்கெட்டு வெண்ணெயைப் பிரித்து, போதாததற்கு உப்பைப் பிசைந்து, சந்தை வெண்ணெய்போல இலையில் கட்டியிருக்கிறாள் பாவி! இலையை அம்மாவிடம் நீட்டினேன். "சின்னப் புள்ள பேச்ச யாரு நம்புவாங்க? வுடு கண்ணு. உப்பத் தின்னவ தண்ணி குடிச்சுத்தான் ஆவணும்" என்றாள், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. அதன்பின் அவள் கேக் சுடவே இல்லை, குண்டாவில் மாட்டுக்குத் தண்ணீர் வைத்தோம். அவள் விட்டுவிட்டாள். நான் விடவில்லை.

வளர்ந்து தருமபுரியில் கேக் கடை போட்டேன். உப்பு வெண்ணெயா, உப்பில்லாததா என்று கற்றுக்கொள்ள வருபவர்கள் கேட்பார்கள்; உப்பில்லாதது வாங்குங்கள், உப்பு நம் கையில் இருக்கட்டும் என்பேன். நானே அதை மீறியது ஒரே ஒரு முறை, அத்தையின் பேத்தி முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விழாவின்போது. விருந்தாளிகளுக்குப் பெரிய கேக். அத்தைக்கு மட்டும் அவள் பேரெழுதித் தனியாக ஒரு சின்னக் கேக், உப்பு வெண்ணெயில், அதற்குமேல் ஒரு கை கல்லுப்பும் பொடித்துப் போட்டு. எல்லோரும் "தேனாட்டம் இருக்குதுங்க" என்று தின்றுகொண்டிருக்க, அத்தனை பேர் முன்னாலும் அவளுக்கு நானே ஊட்டினேன்.

"எப்பிடிங்க அத்தை இருக்குது?"

அவள் கண் என் முகத்தில் குத்திட்டு நின்றது. புரிந்துவிட்டது. துப்பினால் பழைய கதையும் சேர்ந்து வெளியே வரும். விழுங்கினாள்.

"நல்லா இருக்குது கண்ணு."

"இன்னொரு வாய்ங்க அத்தை."

அதையும் விழுங்கினாள். அம்மா மெதுவாக எழுந்து வந்து, இத்தனை வருடம் நான் பார்க்காத ஒரு சிரிப்போடு சொம்பை நீட்டினாள். "தண்ணி குடிங்க அண்ணி."

இப்போது அத்தை இல்லை; பாவம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பென்னாகரம் சந்தையில் தேக்கிலை வெண்ணெயும் கண்ணில் படுவதில்லை. குடிலுக்கான கேக்கை மறுபடி அம்மாதான் கலக்குகிறாள், என் கடை அடுப்பில் சுடுகிறோம். வழக்கம் மட்டும் போய்விட்டது: அடுப்பில் ஏற்றுவதற்கு முன் அம்மா ஒரு விரல் மாவை எடுத்து நக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த விரலை என்னிடம் நீட்டுகிறாள்.