எங்க வூட்டுக் குறி

விருத்தாசலத்துல எங்க வூட்டுல பீங்கான் பொம்மை செய்யுறோம். சின்னப் பட்டறைக்காரங்க எல்லாரும் ஒரே சூளையிலதான் சுடுவாங்க. வெந்து வெளிய வர்றப்ப எது யாரோடதுன்னு தெரியணுமில்ல? அதனால சுடுறதுக்கு முன்னாடியே அவங்கவங்க பொம்மைக்கு அடியில ஒரு குறி போட்டுடுவாங்க. எங்களுது வரிசையா மூணு புள்ளி, கீழ தள்ளி ஒண்ணு.

நான் படிச்சது வானியல். பெரிய நட்சத்திரங்க பொறக்குற இடம் பூரா தூசி மேகம். கண்ணுக்குக் கருப்பாத்தான் தெரியும், அகச்சிவப்புல பார்த்தாத்தான் உள்ள தகிக்கிறது தெரியும். தொலைநோக்கி எடுத்த படத்துல கோடும் கறையுமா கெடக்கும். அதையெல்லாம் நீக்கி ஒரு படத்தைத் தேத்துறதுக்குள்ள என் கண்ணே பூத்துப்போச்சு.

அந்தப் படத்தை, "பாத்துட்டுத் தரேன் பாப்பா"ன்னு வாங்கிட்டுப் போன சீனியர், தன் பேர்ல கட்டுரையாப் போட்டுட்டான். அண்ணா அண்ணான்னு கூப்பிட்டவ நான்! ஆராய்ச்சி வழிகாட்டிகிட்ட போய் அழுதா, "அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா"ங்குறாரு. சும்மா விடுவேனா?

அடுத்த படத்தையும் கேட்டான். சிரிச்சுக்கிட்டே குடுத்தேன். ஆனா அவனுக்குக் குடுத்த நகல்ல மட்டும், ஒண்ணுமே இல்லாத ஒரு மூலையில, நட்சத்திரம் மாதிரியே மங்கலா நாலு புள்ளி வச்சிருந்தேன்.

போன வருஷம் எங்க ஊரு காலேஜுக்கே அவன் சிறப்பு விருந்தினரா வந்தான். சேதி கேட்டதும் ஓடிப்போயி, நினைவுப் பரிசு எங்க பட்டறையிலேருந்து தரோம்னு சொல்லிட்டேன். பொன்னாடை போத்தி, கையில ஒரு பீங்கான் யானையைக் குடுத்தாங்க. அப்புறம் பேச ஆரம்பிச்சான். திரையில நான் குடுத்த அந்த ரெண்டாவது படம்.

"இந்த மூலையில பாருங்க, இப்பதான் பொறக்குற நாலு பெரிய நட்சத்திரங்கள். முதல்ல கண்டுபிடிச்சது நான்தான்."

எழுந்தேன். "சார், வேற தொலைநோக்கியில பார்த்தாலும் அது தெரியுதுங்களா?"

என்னை அடையாளம் தெரிஞ்சுபோச்சு அவனுக்கு. ஆனாலும், "தெரியுதேம்மா, பளிச்சுன்னு!"

அடப்பாவி, கூசாம சொல்றானே! எனக்கு உள்ளுக்குள்ள அப்படியொரு குளுமை.

"அந்த நாலு புள்ளியும் நான் வச்சதுங்க சார். எங்க வூட்டுக் குறி. நம்பலன்னா அந்த யானையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்க."

அவன் தொடவேயில்ல. பக்கத்துல இருந்த பிரின்சிபால்தான் எடுத்துத் திருப்பினாரு. யானையோட அடியைப் பார்த்தாரு, திரையைப் பார்த்தாரு, அப்புறம் அவனைப் பார்த்தாரு.

யானையை மேசை மேலயே விட்டுட்டுப் போயிட்டான். நான் எடுத்துட்டு வந்துட்டேன். எங்க பொருளாச்சே.