கால் கழுவுற பைப்

"அதெல்லாம் செரி தம்பி. ஆளுக்குச் சூடு வெளங்காட்டி, ஒங்கட மெஷினுக்கு வெளங்குமா?"

சுடுதண்ணீர் மெஷின் விற்க வருகிறவர்களை மஸாஹிரா மடக்குவது இந்த ஒரே கேள்வியால்தான். கதிரையில் உட்காரவைத்து, தேத்தண்ணியும் கேக்கும் கொடுத்து, சோலார், கீசர், பொயிலர் என்று அவர்கள் ஒப்பிப்பதையெல்லாம் தலையாட்டிக் கேட்பார். கடைசியில் இதைக் கேட்டுவிட்டு முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். வந்தவர் பாதிக் கேக்கை வைத்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

மலைநாட்டு ஊரான அலவத்துகொடையில் அவருடையது மூன்று மாடி வீடு. மாடிக்கொரு மகள் குடும்பம். மருமகன்மார் பெண்வீட்டோடு வந்து இருப்பதுதான் இங்கே வழக்கம். காலையில் எல்லாக் குளியலறையிலும் ஹீட்டரைப் போட்டால் மெயின் சுவிட்ச் விழுந்து, சோப்பு நுரையோடு ஆளாளுக்குக் கத்துவார்கள். அந்தக் கூச்சல் மஸாஹிராவின் காதில் ஏறுவதேயில்லை. அவர் கவலையெல்லாம் ஒரு மனிதரின் கால்களைப் பற்றியது.

அந்த மனிதர் அவர் கணவர், தாஹிர் ஹாஜியார். சீனி வருத்தம் என்கிற சர்க்கரை நோய் முற்றி, கணுக்காலுக்குக் கீழே அவருக்கு உணர்ச்சி கிடையாது. போன மழைக்காலத்தில், தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவி ஒழு எடுக்கும்போது, கேத்தலில் கொதித்த தண்ணீரைக் காலில் ஊற்றிக்கொண்டு சாவகாசமாகத் தொழப் போனார். வெந்தது அவருக்குத் தெரியவில்லை. மஸாஹிராதான் பாயில் ஈரத்தைக் கண்டார். ஆசுபத்திரியில் வலதுகாலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள். இன்னொரு முறை வெந்தால் காலே போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பச்சைத்தண்ணீர் பட்டாலோ ஹாஜியாருக்கு இழுப்பு வரும். பக்கத்தில் நின்று தண்ணீர் கலந்து தருகிறேன் என்றால் அதற்கும் சம்மதிக்கமாட்டார். "நான் என்ன மையத்தா, மத்தவங்க கழுவி விட?" என்று ஒரே போடாகப் போடுவார். பிணத்தைத்தான் பிறர் கழுவ வேண்டும் என்பது அவர் வாதம்.

ஆக, மஸாஹிராவுக்குப் பயம். அதைக் கேள்வியாக்கி விற்பனைக்காரர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

கிருஷாந் என்ற யாழ்ப்பாணத்துப் பையன் மட்டும் அந்தக் கேள்விக்கு அசரவில்லை. "ஓம் அம்மா, விளங்கும். சூட்டை மட்டுப்படுத்துற வால்வ் இருக்கு" என்றான். பொயிலரை மொட்டைமாடியில் பொருத்தி, பாவித்துப் பார்த்தபின் முடிவு சொல்லுங்கள் என்று விட்டுப் போனான். முடிவு கேட்க அவன் திரும்பி வந்தபோது, மூத்த மருமகன் பவாஸுக்குப் பொறுமை போயிருந்தது.

"இன்னம் என்னத்த மாமி பாக்கிற? பைப்ப மூடி செவுரு பூசுற ஆக்கள் வந்து நிக்கிறாங்க. ஓம் எண்டு செல்லுங்களே."

மொட்டைமாடியில் மஸாஹிரா பொயிலரிலிருந்து இறங்கும் பைப்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனார். "வால்வ் எல்லாத்துக்கும் ஈக்குதா?"

"குளிக்கிற பைப் எல்லாத்துக்கும் போட்டிருக்கிறம் அம்மா. கீழ முன்பக்கத்தில ஒரு கால் கழுவுற பைப் இருக்கெல்லோ, அதுக்கு மட்டும் இண்டைக்கு வந்துதான் நேர லைன் குடுத்தனாங்கள். சேறு கழுவுறதுக்கு வால்வ் என்னத்துக்கு எண்டு விட்டனாங்கள். திறந்து கைவச்சும் பாத்தனான், இளஞ்சூடுதான்."

"அது கால் கழுவுற எடமில்ல தம்பி. அவர் ஒழு எடுக்கிற எடம்."

சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. மூன்று மாடி இறங்கும் பைப்பில் முதலில் வருவது, ஏற்கெனவே உள்ளே ஆறிக்கிடந்த தண்ணீர். கை, வாய், மூக்கு, முகம், முழங்கை வரைக்கும் அது இதமாகத்தான் இருக்கும். பிறகு தலையையும் காதையும் ஈரக்கையால் தடவும் நேரத்தில் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருக்கும், கொதிப்பது வந்து சேரும். ஒழுவில் கால் கடைசி.

பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்லி முடித்திருந்தார்கள். கீழே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"பைப்ப மூடுங்க! மூடுங்க!" என்று கத்திக்கொண்டே, முழங்கால் வலியையும் பாராமல் மஸாஹிரா படிகளில் ஓடினார். ஹாஜியார் ஒழு எடுக்கும்போது யாருக்கும் பதில் சொல்லமாட்டார். சீமெந்துத் திட்டில் அமர்ந்து, காதுகளைத் தடவி முடித்து, வலதுகாலைத் தூக்கினார். பைப்பிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.

மஸாஹிரா பாய்ந்து அந்தக் காலை இரண்டு கையாலும் பிடித்து வெளியே இழுத்தார். தண்ணீர் அவர் மணிக்கட்டில் விழுந்தது. பின்னால் வந்த பவாஸ் பைப்பை மூடினான்.

மனைவியின் கை மேனியில் பட்டால் ஒழு முறிந்துவிடும் என்பது அவர்கள் கைக்கொள்ளும் சட்டம். அதற்குப் பயந்து, தொழுகை நேரத்தில் துவாயைக்கூட அவர் கையில் கொடுக்காமல் கொடியில் போட்டுவிட்டு விலகிப்போகிறவர் மஸாஹிரா.

"என்ன புள்ள இது! ஒழு முறிஞ்சி போச்சே! விடு!" என்று ஹாஜியார் சத்தம் போட்டார்.

மஸாஹிரா விடவில்லை. சிவந்து எரியும் கையோடு, நனையாத அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, மிஞ்சியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.