பன்னிவெரட்டி ஊடு

போன மாதம் சித்தப்பா மகன் என்னை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டான். குழுவின் பெயர் 'புலிவெரட்டியார் வம்சம்'. முகப்புப் படத்தில் ஒரு புலி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த நிமிடமே குழுவை விட்டு வெளியேறினேன். அவன் போன் செய்து, "ஏனக்கா, குரூப்ப உட்டுப் போயிட்டே? நம்ம பாட்டன் பேருக்கா அது" என்றான். பாட்டனாம்! எந்தப் பாட்டன்? எந்தப் புலி? அவனைச் சொல்லிக் குற்றமில்லை. அவன் பிறப்பதற்கு முன்பே அவனுடைய அப்பா செய்து வைத்த வேலை அது. நான் பக்கத்தில் நின்று பார்த்தவள்.

கொல்லிமலையில் எங்கள் பக்கம் இனிஷியல் என்பது பள்ளிக்கூடத்துக்கும் ரேஷன் கடைக்கும் மட்டும்தான். புதிதாக ஒருவரைப் பார்த்தால் "எந்த ஊடு?" என்றுதான் கேட்பார்கள். ஒவ்வொரு பங்காளிக் கூட்டத்துக்கும் ஒரு வீட்டுப் பெயர் உண்டு. தேனெடுத்தான் ஊடு, மேட்டுக்களத்து ஊடு, சந்தனத்தான் ஊடு என்று ஊரில் மற்றவர்களுக்கெல்லாம் நல்ல நல்ல பெயர்களாக வாய்த்திருந்தன. எங்களுக்கு வாய்த்தது பன்னிவெரட்டி ஊடு.

பள்ளிக்கூடத்தில் நான் பட்ட பாட்டைக் கேட்காதீர்கள். நான் வகுப்புக்குள் நுழைந்தாலே பின்பெஞ்சிலிருந்து உறுமல் சத்தம் வரும். தேனெடுத்தான் வீட்டுப் பையன் ஒருவன் தினமும் தன் சோற்றுத் தட்டை என்னிடமிருந்து மறைத்து மறைத்துச் சாப்பிடுவான், பன்னி மோந்துவிடுமாம். ஒரு நாள் அந்தத் தட்டாலேயே அவன் தலையில் ஒன்று போட்டேன். வாத்தியார் என்னைத்தான் முட்டி போட வைத்தார். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அழுதுகொண்டு வீட்டுக்கு வந்த அன்றைக்குத்தான் அத்தை எனக்கு அந்தக் கதையைச் சொன்னாள். அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் சாமைக் காட்டுக்கும் குச்சிக்கிழங்குக் காட்டுக்கும் அவள்தான் காவல். கதிர் பிடிக்கும் காலத்தில் இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிட்டுப் பரண் ஏறிவிடுவாள். பன்றிகள் வந்தால் தகர டப்பாவைத் தட்டிக் கத்துவாள். விடிந்த பிறகுதான் இறங்குவாள். அப்பாவுக்கு மிளகு வேலை, சித்தப்பாவுக்குக் கீழே ராசிபுரத்தில் எப்போதும் ஏதாவது ஒரு ஜோலி. அதனால் அத்தை சிறு பெண்ணாக இருந்த நாளிலிருந்து அந்தப் பரண் அவளுடையதாகிவிட்டது.

கதை இதுதான். எங்கள் வம்சத்தின் முதல் பெரியவள் ஒருத்தி. அவளுடைய புருஷன் உப்பு வாங்கிவரக் கீழே இறங்கிப் போனவன், அந்த வெள்ளாமை முடியும்வரை திரும்பவே இல்லை. அவள் பிள்ளைத்தாய்ச்சி. அந்த வருடம் பன்றிகள் கூட்டம் கூட்டமாக வந்து ஊர்க்காட்டையெல்லாம் உழுது போட்டுவிட்டன. ஆம்பளைகளே கைவிட்டுவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டார்கள். இவள் மட்டும் வயிற்றைத் தூக்கிக்கொண்டு, கையில் கொள்ளிக்கட்டையோடு தன் காட்டைச் சுற்றிச் சுற்றி வந்து காப்பாற்றினாள். அடுத்த வருடம் ஊர் முழுக்க விதைத்தது அவள் வீட்டு விதைச் சாமையைத்தான். "அவளுக்கு வெச்ச பேருதான் கண்ணு நமக்கு" என்று சொல்லிவிட்டு அத்தை ஒரு பெரிய கொட்டாவி விட்டாள். பகலில் அவள் எப்போதும் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பாருங்களேன், இந்தத் தேனெடுத்தான் வீட்டுக்காரன் இன்றைக்குச் சோறு தின்பதே எங்கள் வீட்டுப் பெண்ணால்தான்! மறுநாள் வகுப்பில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கதையைச் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. போகட்டும், எனக்குத் தெரியுமே, அது போதும் என்று இருந்தேன்.

அத்தைக்கு அந்தப் பெயர் அப்படி இனிக்கவில்லை. அவளைக் கேட்டு முதலில் வந்தவர்கள் வாசல் தாண்டுவதற்குள், "பன்னி ஊட்டுலயா பொண்ணு எடுக்கிறது?" என்று தங்களுக்குள் சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். அடுத்து வந்தவர்களை அப்பாவே, "அறுவட முடியட்டுங்க, பாக்கலாம்" என்று அனுப்பிவைத்தார். அறுவடை முடிந்தது, அவர்களுக்கு வேறு இடத்தில் பெண் முடிந்திருந்தது. அத்தையின் வயதுப் பெண்கள் இடுப்பில் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தார்கள். அடுத்து வருவதும் தட்டிப்போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அம்மா அடுப்படியில் அடிக்குரலில் சொல்லிக்கொண்டிருந்த சமயத்தில்தான், எங்கள் மலையிலேயே இன்னொரு பக்கமான குண்டனி நாட்டிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வந்தது. மாப்பிள்ளை நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்தார். கல்யாணம் ஆனால் அங்கேயே குடித்தனம் வைப்பதாகப் பேச்சு.

வந்தவர்களுக்குப் பலாச்சுளையும் டீயும் கொடுத்தாகிவிட்டது. மாப்பிள்ளை சுளையிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. அவருடைய அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏனுங்க, வர்ற வழியில ஒருத்தர விசாரிச்சமுங்க. ஊட்டுப் பேரு ஏதோ பன்னி கின்னின்னு சொன்னாருங்களே?" என்று கேட்டார்.

அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. அப்பா துண்டை எடுத்து இல்லாத வியர்வையைத் துடைத்தார். சித்தப்பா மட்டும் அசரவில்லை. கேள்வி முடிவதற்குள் சிரிக்க ஆரம்பித்தார்.

"அது ஆகாதவங்க கேலிக்குச் சொல்றதுங்க. நெசப் பேரு புலிவெரட்டி. எங்க மூத்த பாட்டனாருங்க. மாட்டப் புடிச்ச புலிய வெறுங்கையோட மூணு மல தாண்டி வெரட்டிட்டுப் போனவரு. இன்னைக்கும் அந்தப் பாறையில நகம் கீறின தடம் இருக்குதுங்க."

சொல்லும்போது கையையே புலி நகமாக வளைத்துக் காட்டினார். மனிதர் கண் இமைக்கவில்லை! எங்கள் மலையில் நான் பார்த்த ஒரே புலி காலண்டரில் அம்மனைச் சுமந்துகொண்டிருந்த புலிதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பன்றியைப் புலியாக்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வயிற்றில் பிள்ளையோடு கொள்ளிக்கட்டை ஏந்திச் சுற்றியவளை இருந்த இடம் தெரியாமல் துடைத்துவிட்டு, அவள் இடத்தில் மீசை வைத்த ஒரு பாட்டனைக் கொண்டுவந்து உட்காரவைத்துவிட்டாரே! ஒரு ஆம்பளையும் வெளியே வராத அந்தக் கதையில், ஆம்பளைக்கு மட்டும் எப்படிப் பேர் வந்தது?

"பொய்யி!" என்று கத்திவிட்டேன். "புலி இல்ல, பன்னிதான்! பாட்டன் இல்ல, பொம்பள! அத்ததான் சொன்னா!"

சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும். நான் அவரைப் பார்க்கவில்லை. அடுப்படி வாசலில் நின்ற அத்தையைத்தான் பார்த்தேன். அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெரியவளுக்கு நியாயம் கிடைத்துவிடும் என்று நினைத்தேன்.

அத்தை வாயைத் திறந்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன் பெண் பேசுவது வழக்கமில்லை, ஆனாலும் பேசினாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை.

"கொழந்த எதையோ கேட்டுட்டுச் சொல்லுதுங்க. புலிதானுங்க."

மாப்பிள்ளையின் அப்பா பெரிதாகச் சிரித்தார். "அதானே பாத்தேன்! எங்களுதுகூட ஆனகட்டி ஊடுங்க. எங்க பாட்டனாரு ஒத்த ஆளா ஆனையப் புடிச்சுக் கட்டினவரு" என்று அவர் பங்குக்கு ஒரு யானையை இறக்கினார். அதற்குப் பிறகு எல்லாம் சரசரவென்று நடந்தது. அன்றைக்கே வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டார்கள்.

நான் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டேன். அத்தை தேடிக்கொண்டு வந்தாள்.

"கோவமா சாமி?"

"நீ பொய் சொன்னே."

"ஆமா, சொன்னேன்."

"அவ பொம்பளதானே? பன்னிதானே?"

"பொம்பளதான். பன்னிதான்." தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். "பாவம், அவளும் எப்பத்தான் தூங்குனாளோ" என்றாள். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது. நான் கேட்டதென்ன, இவள் சொல்வதென்ன? கல்யாணத்துக்காகச் சொந்தப் பெரியவளைக் காட்டிக்கொடுத்துவிட்டு இப்போது பாவம் பார்க்கிறாளா? கல்யாணம்வரை அவளோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பத்திரிகையில் 'புலிவெரட்டியார் வகையறா' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து வந்ததைப் பார்த்து வயிறு எரிந்ததுதான் மிச்சம். மாப்பிள்ளை வீட்டு ஜீப் வளைவு வளைவாக மலையிறங்கியபோது, எல்லோரும் அழுதார்கள். நான் அழவில்லை. அத்தையும் அழவில்லை. ஜீப் கிளம்பும் முன்பே அவள் கண்ணாடியில் தலை சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள்.

அடுத்த கதிர்க்காலம் வந்தது. காட்டுக்கு யாரை அனுப்புவது என்று அப்பாவும் சித்தப்பாவும் களத்தில் உட்கார்ந்து பேசினார்கள். அப்பாவுக்கு இடுப்புப் பிடிப்பு. வெறுங்கையோடு புலியை விரட்டிய வம்சத்து வாரிசான சித்தப்பாவுக்கு அந்த வாரம் முழுக்க ராசிபுரத்தில் அவசர ஜோலி. இரண்டு பேரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது நான் முன்னால் போய் நின்றேன்.

"நான் போறேன். இது பன்னிவெரட்டி ஊடு" என்றேன், சித்தப்பாவின் காதில் விழும்படி உரக்க.

அவர் வாயடைத்துப்போவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ என் முதுகில் ஓங்கித் தட்டி, "அப்பிடிச் சொல்லு என் சிங்கமே!" என்றார். அப்பா உள்ளே போய்த் தகர டப்பாவை எடுத்துவந்து என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் அப்படி மனம்விட்டுச் சிரித்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வெளிச்சம் இருக்கும்போதே பரண் ஏறிவிட்டேன். அத்தை கைவிட்ட பெயரை நான் காப்பாற்றிவிட்டேன் என்று அவ்வளவு பெருமை எனக்கு. கல்யாணம் ஆகி நானும் மலையிறங்கும்வரை அந்தப் பரண் எனக்கென்று ஆகிவிட்டது என்பது அன்று எனக்குத் தெரியாது. அத்தை ஒரே ஒரு பொய் சொல்லி அதிலிருந்து இறங்கிப் போனாள் என்பதும், நான் ஒரு உண்மையைச் சொல்லி அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் தெரியாது.