நெற்றி விளக்கின் நிறம்

‘மிகத் தூய கரிமப் படிகங்களை வளர்த்துப் பாதுகாப்பதில் நிபுணர்’ என்று முனைவர் தேவிப்ரியாவைப் பற்றிக் கல்லூரி இணையதளம் சொல்கிறது. அவருடைய வேலையே கலப்படம்.

ஏறக்குறைய ஒரே சாயலுள்ள இரண்டு கரிமப் பொருள்களை ஒரே கரைசலில் கலந்து, ஒரே படிகமாக விளையவைக்கிறார். உலோகக் கலவையைப் போல இதற்கும் ‘அலாய்’ என்றுதான் பெயர். முதல் பொருள் தனியாக இருந்தால் புற ஊதா டார்ச்சின் கீழ் நீலமாக ஒளிரும். இரண்டாவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று நிறம் நகர்ந்துகொண்டே போகும். ஊசி போன்ற படிகத்தின் நடுவில் டார்ச் அடித்தால், வெளிச்சம் உள்ளேயே ஓடி இரண்டு நுனியிலும் பளிச்சென்று எரியும். மின்சாரத்துக்குப் பதில் ஒளியால் இயங்கும் கருவிகளுக்கு இது உதவும் என்று திட்ட அறிக்கையில் எழுதியிருக்கிறார். ஊரில் கேட்பவர்களிடம் அவ்வளவு நீட்டுவதில்லை. “சீரியல் லைட்டுங்க. ஒயரு மட்டும் இல்ல.”

வாழ்க்கை முழுக்கக் கலந்துகொண்டிருப்பவருக்குச் சாப்பாட்டில் மட்டும் கலப்பு ஆகாது. சாம்பார்க் கரண்டி ரசத்தில் பட்டால் தட்டைத் தள்ளிவிடுவார்.

கரைசல் அசையாமல் உலர வேண்டும். கண்ணாடிக் குப்பிகளை நிறுத்திவைக்க வெளிநாட்டுத் தாங்கி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதன்மேல் அவருடைய டிபன் பாக்ஸ் இருக்கிறது. நாமக்கல்லில் பிறந்தவருக்கு முட்டை அட்டையை விட்டால் வேறெதிலும் நம்பிக்கை இல்லை. குப்பிகளில் பெயர் ஒட்டுவதும் இல்லை. அட்டையில் எந்தக் குழியோ, அதுதான் கலவையின் அளவு. காலிக் குழி என்றால் அந்தக் கலவை தேறவில்லை. “முட்டைக்கெல்லாம் பேரு எழுதியா வெக்கறாங்க?” என்பார்.

அவர் தேடியதோ ஒரே ஓர் ஆரஞ்சு.

அவருடைய அப்பா காளியப்பன் லாரி ஓட்டினார். பைபாஸ் திருப்பத்தில் வருகிற லாரிக்கெல்லாம் நெற்றியில் இரண்டு மஞ்சள் விளக்கு. ‘அப்பா லாரி’ என்று ஓடிப்போய், வேறு யாரோ இறங்குவதைப் பார்த்து அழுதுகொண்டு திரும்புவாள் மகள். காளியப்பன் அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷை வாங்கி, இரண்டு விளக்கு மூடிகளிலும் பூசிவிட்டார். பல்பின் சூட்டில் அது ஊறி, மஞ்சளும் இல்லாத சிவப்பும் இல்லாத ஒரு நிறத்தில் நின்றது. அப்புறம் அந்த இரண்டு புள்ளி தூரத்தில் தெரிந்தாலே போதும், வீட்டில் உலை வைத்துவிடுவார்கள்.

லாரி கைமாறியது, புதுச் சொந்தக்காரர் விளக்கையும் மாற்றினார். காளியப்பனும் இப்போது இல்லை. இருந்தபோது ஒருமுறை கேட்டார்: “அலாய்ங்கறயே, அது வீலுக்குப் போடறதுதான சாமி?”

“இல்லீங்கப்பா, வெளக்குக்கு.”

“வெளக்குக்கு ஆரு சாமி அலாய் போடுவாங்க?” என்றார், நெயில் பாலிஷ் பூசியவர்.

போன ஆடியில் ஒரு காலை, ஒரு குப்பியில் ஒற்றை ஊசி விளைந்திருந்தது. டார்ச் அடித்தார். இரண்டு நுனியிலும் அதே நிறம். பைபாஸ் திருப்பமேதான். அன்று முழுக்க எந்த வேலையும் ஓடவில்லை.

அந்த வாரமே திட்டத்தை மதிப்பிட ஒரு குழு வருவதாக இருந்தது. முட்டைக் குடோனிலிருந்து ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த உதவியாளர் மாரியப்பன் அறையைச் சுத்தம் செய்தார்.

“மூணு அட்டையும் ஓட்டை ஓட்டையாக் கெடந்துச்சுங்க மேடம். நெரப்பி ரெண்டாக்கிட்டனுங்க. அரைகொறையா அடுக்குனா எங்க ஓனரு வெரட்டுவாரு.”

தேவிப்ரியா அட்டைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “அழகாத்தானுங்க அடுக்கியிருக்கறீங்க” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

மற்றக் குப்பிகள் தப்பின. அவையெல்லாம் பலமுறை விளைந்த கலவைகள். டார்ச் அடித்தால் நிறமே அளவைச் சொல்லிவிடும். ஆரஞ்சு ஊசி ஒன்றே ஒன்று. அதன் குழி தொலைந்தது, அளவும் தொலைந்தது. அளவு தெரியாமல் அதைக் காட்டினால் குழு அதிர்ஷ்டம் என்று எழுதிவிட்டுப் போய்விடும். இன்னொன்றை வளர்க்கவும் முடியாது.

பக்கத்து அறைப் பேராசிரியர் குருமூர்த்தி எட்டிப் பார்த்தார். “கரைச்சு மெஷின்ல உட்டா எது எத்தன பங்குன்னு சொல்லிருமுங்களே.”

“கரைச்சா இது இருக்காதுங்களே.”

“நுனிய மட்டும் கிள்ளிக்கறது?”

“நுனிதானுங்க வெளக்கு. மெஷினுக்கு முழுசும் போட்டாலே பத்துமான்னு தெரியல.”

“அப்ப கரைக்கறதுக்கு முன்னால ஒரு போட்டோ புடிச்சு வெச்சுக்குங்க.”

“எங்கப்பாரு லாரியும்தானுங்க போட்டோவுல இருக்குது. வெளக்கு மஞ்சளாத்தான் உழுந்திருக்குது.”

குருமூர்த்தி அதற்குமேல் நிற்கவில்லை.

சாயங்காலம் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, ஊசியை உள்ளங்கையில் வைத்து டார்ச் அடித்தார். இரண்டு புள்ளி எரிந்தது. வெளியே பைபாஸில் ஒரு லாரி நீளமாக ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. அது ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு டார்ச்சை அணைத்தார். ஊசியைச் சோதனைக் குழாயில் போட்டு, கரைப்பானை ஊற்றி, முழுவதும் கரையும்வரை குலுக்கினார்.