இரவல் தடுப்பு

மாலை நான்கு மணி இருபத்தைந்து நிமிடம். டைம் ஆபீஸ் கடிகாரத்தை அப்போதுதான் பார்த்திருந்தேன், அதனால் நேரம் தப்பாது. செகண்ட் ஷிப்டுக்கு வந்த ஒருவர் சைக்கிளை கேட்டருகே போட்டுவிட்டு வாட்ச்மேனிடம் கத்தினார்.

"மண்ணூர்பேட்டை திருப்பத்துல லாரி சைடுல ஒரு பொண்ணு வுயுந்துட்ச்சிபா! ஸ்கூல் பொண்ணு. இப்ப நம்ம கேட்லேந்து போச்சே, அந்த வண்டிதான்."

அந்த வண்டிக்கு கேட் பாஸ் எழுதியவள் நான். அதே வழியாக, நாலரைக்கு என்னைப் பார்க்க சைக்கிளில் வந்துகொண்டிருந்தவள் என் மகள் வசந்தி. ஒன்பதாம் வகுப்பு. கரும்பலகை சரியாகத் தெரியவில்லை என்றாள். இருவருமாக அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவுக்குப் போய் மூக்குக்கண்ணாடி செய்யக் கொடுப்பதாக இருந்தோம்.

எங்கள் ஃபாக்டரியில் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னைக் கேட்கிறார்கள்: லாரியின் பக்கத் தடுப்பை ஏன் கையால் பிடித்து ஆட்டிப் பார்க்கிறீர்கள், கயிற்றால் கட்டியிருந்தால் ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள்? அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தடுப்பை லாரியோடு வெல்டிங் செய்து ஒட்டியிருந்தால் மட்டுமே நான் கேட் பாஸில் "உண்டு" என்று எழுதுவேன். கேட்டுக்குள் இருக்கும் தடுப்பால் ரோட்டில் போகிறவருக்கு ஒரு பயனும் இல்லை. இதைக் கற்க எனக்கு ஒரு மாலை நேரம் தேவைப்பட்டது.

பக்கத் தடுப்பு வேண்டும் என்ற விதி வந்ததற்குக் காரணம், எங்களிடம் கடைசல் வேலை பார்த்த டர்னர் ஒருவர். எழுபதுகளின் தொடக்கத்தில், ஷிப்டு முடிந்து சைக்கிளில் போனவர், லாரியின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே திறந்து கிடக்கும் இடத்தில் சரிந்தார். பின் சக்கரம் ஏறிவிட்டது. அதன் பிறகு, லோடு ஏற்ற வரும் எந்த லாரியும் அந்த இடைவெளியை இரு பக்கமும் பைப்பால் மறைத்திருக்க வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. அரசாங்கச் சட்டம் அல்ல, எங்கள் கேட்டின் விதி. கேட் பாஸில் "பக்கத் தடுப்பு: உண்டு / இல்லை" என்று ஒரு வரி சேர்த்தோம்.

மூன்று மாதம் "உண்டு" என்றே எழுதினேன். பிறகு ஒன்று கண்ணில் பட்டது. காலையில் வந்த லாரியில் பாதி பச்சை பெயிண்ட் அடித்த, நுனி வளைந்த பைப்பு. மதியம் வேறு லாரியில் அதே பச்சை, அதே வளைவு. எதிரே பாய் டீக்கடைச் சுவரில் ஒரே ஒரு ஜோடியைச் சாய்த்து வைத்திருந்தார்கள். உள்ளே வரும்போது கயிற்றால் கட்டுவது, வெளியே போனதும் அவிழ்த்து அடுத்த வண்டிக்குக் கொடுப்பது.

டிரைவர் ஏழுமலையிடம் கேட்டேன். சிரித்தார்.

"இன்னாக்கா நீங்க, கல்யாணத்துக்கு எரவல் நகை போட்டுகினு போறதில்லையா? அந்த மாதிரிதான். கேட்டு தாண்டற வரைக்கும் கல்யாண ஊடு. அப்பால கழட்டி வெச்சிட வேண்டியதுதான்."

"உங்க வண்டியிலயே நிரந்தரமா மாட்டினா என்ன?"

"ஜாக்கி, தண்ணி டிரம்மு எல்லாம் அந்தப் பக்கம்தான் கீது. வேலி போட்டுகினா எப்டி எடுக்கறது? உங்க மேனேஜரு வந்து குனிஞ்சி எடுத்துக் குடுப்பாரா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டெஸ்பாட்ச் அதிகாரியிடம் சொன்னேன். "லோடு இன்னிக்குப் போகணும்மா. தடுப்பு இருக்கா, அத மட்டும் பாருங்க. அதோட ஜாதகத்தைப் பாக்காதீங்க" என்றார். அது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. நான் எழுதியது பொய் இல்லையே. நான் பார்த்த நேரத்தில் தடுப்பு இருந்தது.

அன்று ஏழுமலையின் வண்டிக்கும் "உண்டு" என்று எழுதி நான்கு பத்துக்கு அனுப்பினேன். மதியம் நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. ரோட்டோரமெல்லாம் சேறு.

செய்தி கேட்டதும், பைப்பைக் கழட்டி வைத்திருக்கிறாரா என்று பார்க்க டீக்கடைக்கு ஓடினேன். சுவரில் பைப்பு இல்லை.

"பாய், ஏழுமலை பைப்பைக் கழட்டினாரா?"

"வண்டிய நிறுத்தி குனிஞ்சிகினு இருந்தாரும்மா. அப்புறம் கூட்டத்துல நான் கவனிக்கல. எப்பவும் கழட்டிட்டுதானே போவாங்க."

"அப்ப பைப்பு எங்க?"

"இப்ப ரெண்டு வண்டி உள்ள போச்சே, அதுல எதுலயாவது கட்டியிருப்பாங்க."

ரோட்டில் இறங்கினேன். திருப்பத்தைப் பார்த்து நடந்தேன். கண்ணுக்குள் என் கையெழுத்துதான் நின்றது. வேறு யார் வீட்டுப் பெண்ணாகவாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டியதற்காக இன்றுவரை என்னை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எதிரே ஓர் ஆள் சைக்கிளைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். முன் சக்கரம் நெளிந்து கிடந்தது. ஹேண்டிலில் மஞ்சளும் சிவப்புமாக ஒயர் கூடை. நான் பின்னியது. ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பாப்பா பின்னால வருதுக்கா, நொண்டிக்கினு வருது" என்று தூரத்திலிருந்தே கூவினார், சைக்கிளைச் சுமந்து வந்த ஏழுமலை.

வசந்தி வந்தாள். பாவாடையெல்லாம் சேறு, முழங்கையில் ரத்தம். லாரி பக்கத்தில் திரும்பும்போது சைக்கிள் டயர் வழுக்கி, லாரியின் சக்கரங்களுக்கு நடுவே சரிந்தாளாம். தோள் பைப்பில் மோதி, வெளிப்பக்கமாக விழுந்தாளாம். சொல்லிவிட்டு, "அம்மா, கண்ணாடிக் கடை மூடிடுமா?" என்றாள். என் முந்தானையால் அவள் முழங்கை ரத்தத்தைத் துடைத்தேன்.

ஏழுமலை சைக்கிளைக் கீழே வைத்தார்.

"நீங்க கழட்டலையா?" என்று கேட்டேன்.

அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"கழட்டத்தாங்கா பாத்தேன். மழைல கயிறு நனைஞ்சி இறுகிக்கிச்சி, முடிச்சு அவுரவே இல்ல. பின்னால வண்டிங்க ஹார்ன் அடிச்சிகினே இருந்திச்சி, திருப்பம் தாண்டி நிறுத்தி கத்தியால அறுத்துக்கலாம்னு கெளம்பிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் கத்தியை எடுத்து வசந்தியின் ஒயர் கூடையில் போட்டார்.

"இத்த நீங்களே வெச்சிக்கோங்க."